தபாத்தி டூரிஸ்ட்டுக்காக நடக்கும் ஷோ இல்லை

ஈஸ்டர் தீவுன்னு சொன்னா எல்லாருக்கும் அந்தப் பெரிய கல் சிலைகள்தான் ஞாபகம் வரும். ரீல்ஸும் அதோட முடிஞ்சிடும். ஆனா அங்கே போறதா இருந்தா, பிப்ரவரி முதல் இரண்டு வாரத்துல போகணும். தபாத்தி ரபா நூயி விழா நடக்கிற நேரம் அது.

இந்த விழா மேல ஒரு குற்றச்சாட்டு உண்டு. போன நூற்றாண்டின் பிற்பாதியில்தான் தொடங்கினாங்க, அதனால இது 'ஒரிஜினல்' பாரம்பரியம் இல்லை, டூரிஸ்ட்டுக்காகப் போடும் ஷோ என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஏன் அவ்வளவு தாமதமாகத் தொடங்க வேண்டி வந்தது என்பதையும் சேர்த்துக் கேட்கணும் இல்லையா?

1862-63ல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடிக் கப்பல்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாகக் கொண்டு போயின. திரும்பி வந்த சிலரோடு பெரியம்மையும் வந்தது. 1877ல் தீவில் மிஞ்சிய ரபா நூயி மக்கள் வெறும் 111 பேர். 1888ல் சிலி நாடு தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன்பிறகு தீவின் பெரும்பகுதி ஆட்டுப் பண்ணையானது. மக்கள் ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைக்கப்பட்டார்கள். பண்ணை 1953 வரை ஓடியது. முழுக் குடியுரிமை கிடைத்தது 1966ல். சொந்தத் தீவிலேயே சுதந்திரமா நடமாட முடியாதவங்க எந்த விழாவை 'தொடர்ச்சியா' கொண்டாடியிருக்க முடியும்?

விழாவோட அமைப்பைப் பார்த்தாலே அது யாருக்கானதுன்னு புரியும். வழக்கமா அரசி பட்டத்துக்கு இரண்டு பேர் நிற்பாங்க. ஒவ்வொருத்தருக்குப் பின்னாலும் குடும்பம், உறவுன்னு ஒரு பெரிய அணி. பாட்டு, நடனம், மரச்சிற்பம், மீன்பிடி, உடலில் வண்ணம் பூசி அதன் பொருளைச் சொல்லும் தகோனா, எல்லாத்துக்கும் பாயிண்ட்ஸ். நம்ம கல்ச்சுரல்ஸ்ல டிபார்ட்மென்ட் ஓவரால் ஷீல்டுக்கு அடிச்சுக்கிற மாதிரிதான். ஜெயிக்கணும்னா பேரன் தாத்தாகிட்ட போய் பழைய பாட்டைக் கத்துக்கணும். ஸ்பானிஷ் நடுவில் ரபா நூயி மொழி தாக்குப்பிடிக்க இதைவிட நல்ல சிலபஸ் இருக்கான்னு தெரியலை.

எல்லாத்தையும் விட மிரட்டுவது ஹாகா பேய். (பெயர் நம்ம காதுக்குச் சரியாத்தான் விழுது.) இரண்டு வாழை மரங்களை வெட்டி ஒண்ணா கட்டி, அதில் மல்லாக்கப் படுத்துக்கிட்டு மௌங்கா புயி குன்றிலிருந்து சறுக்குவாங்க. சரிவு சுமார் 45 டிகிரி; வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். பிரேக் கிடையாது, ஹெல்மெட் கிடையாது. உராய்வுக் குணகத்தைப் புத்தகத்தில் படிச்சுட்டு எக்ஸாமோட மறந்த நமக்கு, ஈரமான வாழை மரத்தை அதுக்குத் தேர்ந்தெடுத்த மூளை மேல மரியாதை வரும். எலும்பு முறிவதும் உண்டு. டூரிஸ்ட் கைதட்டலுக்காக யாரும் இப்படிச் சறுக்க மாட்டாங்க.

அதே சமயம், 'அப்போ போகவே கூடாதா'ன்னு கேட்டா, போகலாம். ஆனா அவங்க கண்டிஷன்ல. தீவு சுமார் 163 சதுர கிலோமீட்டர்; 2017 கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஏறக்குறைய 7,750. தண்ணீர், குப்பை, வண்டி எல்லாமே பிரச்சினை. அதனால் 2018 முதல் வெளியாட்கள் அதிகபட்சம் 30 நாள்தான் தங்க முடியும். ரிட்டர்ன் டிக்கெட்டும் தங்கும் இடத்தின் முன்பதிவும் கட்டாயம். இந்தச் சட்டத்தைக் கெடுபிடின்னு சொல்றவங்க, மேலே இருக்கும் 111 என்ற எண்ணை இன்னொரு தடவை பார்க்கட்டும்.

சாண்டியாகோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கும் மேல் விமானப் பயணம். பிப்ரவரியில் அறை கிடைப்பது கஷ்டம், பல மாசம் முன்னாடியே புக் பண்ணணும். விழாவின் பெரிய ஊர்வலத்தில் வெளியூர்க்காரர்களும் கலந்துக்கலாம். போறவங்க கேமராவை ரூம்ல வச்சுட்டு, உடம்பில் வண்ணம் பூசிக்கிட்டு ஏதாவது ஒரு அணியோட நடந்து போங்க.