மிச்சமாகும் நேரம் யாருக்கு?

(பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு)

ஆய்வுக்கூடத்தில் பிறந்து அடுப்படியில் குடியேறிய பொருள்கள் பல. அம்மியை மிக்சி மூலைக்கு அனுப்பியது. ஆட்டுக்கல்லுக்குக் கிரைண்டர் ஓய்வு கொடுத்தது. எரிவாயு அடுப்பு வந்ததும் ஊதுகுழல் ஊமையாயிற்று. அந்த வரிசையில் இப்போது வந்து நிற்பது மின்சார மல்டி குக்கர். சோறு, பருப்பு, பொங்கல், குழம்பு, கஞ்சி என்று எது வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்கிறார்கள் விற்பவர்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பற்றித்தான் நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

இயந்திரம் நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த மிச்சம் யாருடைய கணக்கில் வரவு வைக்கப்படுகிறது? இதுவே என் கேள்வி.

கருவியின் கதை

ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் தானாகவே நின்றுவிடும் மின்சாரச் சோற்றுப் பானையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை உருவாக்கியவர் யோஷிடாடா மினாமி என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளர். ஆனால் நாள்தோறும் திரும்பத் திரும்பச் சோறாக்கிச் சோதித்துப் பார்த்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. அடுப்படி வேலையைக் குறைக்க வந்த கருவியே ஒரு பெண்ணின் அடுப்படி வேலையில்தான் பிறந்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதன்றோ?

அதன் தத்துவம் நம் வெப்பவியல் பாடத்தில் உள்ளதுதான். நீர் இருக்கும்வரை பானையின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நீர் தீர்ந்த உடனே விறுவிறுவென்று ஏறும். அந்த ஏற்றத்தைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்க முதல் பானையில் ஈருலோகப் பட்டை வைத்தார்கள். பின்னர் வந்த எளிய குக்கர்களில் ஏறக்குறைய 103 டிகிரியில் தன் காந்தத்தன்மையை இழக்கும் ஒரு பொருளை வைத்தார்கள். காந்தம் விடுபட்டதும் சுவிட்ச் தானே மேலே துள்ளும். கியூரி வெப்பநிலை என்று நாம் மனப்பாடம் செய்வது எங்கோ இருக்கும் விஷயமன்று. சோற்றுப் பானைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது!

இன்றைய மல்டி குக்கரில் இதனோடு அழுத்தமும் சேர்ந்துகொண்டது. காற்றுப் புகாத மூடிக்குள் அழுத்தம் கூடும்போது நீரின் கொதிநிலையும் 100 டிகிரிக்கு மேல் உயர்கிறது. அதனால் பருப்பு விரைவில் வேகிறது. உள்ளேயிருக்கும் சிறிய மின்னணு மூளை வெப்பத்தையும் நேரத்தையும் கவனித்துக்கொள்கிறது. விசில் எண்ண வேண்டியதில்லை, தீயைக் குறைக்க வேண்டியதில்லை, பக்கத்தில் நிற்கவும் வேண்டியதில்லை.

எங்கள் வீட்டுச் சமையல்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். அம்மா பனியன் கம்பெனிக்கும், அப்பா விசைத்தறிக்கும் போகிறார்கள். தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அப்பத்தா வீட்டோடு இருக்கிறார். காலை ஏழரை மணிக்குள் காலை உணவும் ஆக வேண்டும், நான்கு டிபன் பாக்ஸ்களும் நிறைய வேண்டும். அம்மா தீபாவளிச் சீட்டுப் பணத்தில் ஆறு லிட்டர் குக்கர் ஒன்றை வாங்கி வைத்தார்.

எங்கள் கொங்கு நாட்டின் அரிசிம்பருப்புச் சாதத்துக்கென்றே இதைச் செய்தார்களோ என்று தோன்றும். வதக்கும் பொத்தானை அழுத்தி எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், கறிவேப்பிலை தாளிக்க வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் சேர்க்க வேண்டும். மூன்று டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு. இரண்டையும் கழுவிப் போட்டுப் பத்து டம்ளர் தண்ணீர் ஊற்றி உப்புப் போட்டு மூடிவிட்டால் முடிந்தது. அடுத்த அரைமணி நேரம் குக்கர் தன் வேலையைப் பார்க்கும். நான் என் வெப்பவியல் குறிப்பைப் பார்ப்பேன். திறந்ததும் ஒரு கரண்டி நெய். அவ்வளவுதான். பச்சரிசியும் பாசிப்பருப்பும் மிளகும் போட்டால் அதே பானையில் வெண்பொங்கல் தயார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 1000 வாட் குக்கர் அரைமணி நேரம் இடைவிடாது ஓடினாலும் அரை யூனிட்தான். நாளுக்கு இருமுறை என்று வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட்டுக்கு மேல் போகாது. இடையிடையே சூடேற்றி நின்றுவிடுவதால் உண்மையில் இன்னும் குறையும். ஆனாலும் மாதச் சம்பளத்தில் மின்கட்டணம் கட்டும் வீட்டில் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். எர்த் இணைப்புள்ள பிளக்கில்தான் போட வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். தோசையும் சப்பாத்தியும் இதில் ஆகா. மின்வெட்டு வந்தால் பழைய அடுப்புதான் கதி.

பொத்தானுக்கு வெளியே உள்ள வேலை

விற்பவர் சொல்லாத மீதிப் பாதி இனித்தான் வருகிறது. குக்கர் வெங்காயம் உரிக்காது. ஐந்து பேருக்கான சின்ன வெங்காயத்தை உரித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் நீளம் தெரியும். குக்கர் அரிசியில் கல் பொறுக்காது. டிபன் பாக்ஸில் போட்டு மூடாது. அடிப்பிடித்த பானையைத் தானே தேய்த்துக்கொள்ளாது. மூடியின் ரப்பர் வளையத்தில் ஏறிய பூண்டு வாசத்தைப் போக்காது. பருப்பு நாளையோடு தீர்ந்துவிடும் என்று நினைவு வைத்துக்கொள்ளாது. நாளைக்கு என்ன செய்வது என்ற அன்றாடக் கேள்விக்கும் பதில் சொல்லாது. சமையல் என்பது வேக வைப்பது மட்டும் என்று நினைப்பவர்கள் சமைத்தவர்கள் அல்லர்.

முன்பு அம்மா எழுந்தது நான்கரை மணிக்கு. குக்கர் வந்ததும் ஐந்து மணிக்கு எழுந்தார். அந்த அரைமணி நேரத் தூக்கம் ஒரு மாதம்தான் நிலைத்தது. அதன் பின்னர் வீட்டில் ஒரு புதிய வாசகம் பிறந்தது: “அதுதான் குக்கர் இருக்குதே!” குக்கர் இருப்பதால் காலையில் இன்னொரு பொரியல். குக்கர் இருப்பதால் மாலையில் சுண்டல். குக்கர் இருப்பதால் இரவிலும் சுடுசோறு. இன்று அம்மாவும் நானும் எழுவது மறுபடியும் நான்கே முக்காலுக்கு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஸ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட நூலின் பெயரே ‘மோர் வொர்க் ஃபார் மதர்’, அதாவது அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை என்பதாகும். வீட்டு இயந்திரங்கள் பெருகியும் பெண்ணின் வேலைநேரம் ஏன் குறையவில்லை என்று அந்த நூல் ஆராய்கிறது.

நம் நாட்டின் கணக்கும் உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் அதற்குச் செலவிட்டனர். ஈடுபட்ட ஆண்கள் செலவிட்டது 97 நிமிடங்கள். அதிலும் அந்த வேலையைத் தொட்ட ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்களோ 81 பேர். 2024 ஆய்வில் பெண்களின் நேரம் 289 நிமிடங்களாகக் குறைந்தது. ஆண்களுடையது 88 ஆயிற்று. ஐந்தாண்டுகளில் பெண்ணுக்கு மிச்சமானது பத்து நிமிடம். ஆணுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்! இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சில மறுப்புகள்

“பொட்டிக்குள்ள வெச்ச சோத்துல என்ன சாமி ருசி இருக்கும்?” என்று எங்கள் அப்பத்தா கேட்டார். விறகடுப்பு மண்சட்டியின் ருசி தனிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ருசிக்குப் புகையைக் குடித்து விலை கொடுத்தவரும் அப்பத்தாவேதான். வீட்டுப் புகையால் 2020-இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இப்போது அப்பத்தா குக்கர் சோற்றையே மறுசோறு கேட்டுச் சாப்பிடுகிறார்.

“சமையலுக்குக் கைப்பக்குவம் வேண்டும், அது ஆண்களுக்கு வராது” என்பது இன்னொரு மறுப்பு. நம் மொழியே இதற்கு விடை சொல்லிவிட்டது. நல்ல சமையலை நளபாகம் என்கிறோம், பீமபாகம் என்கிறோம். இரண்டும் ஆண்களின் பெயர்கள்! கல்யாணப் பந்தியில் சமைப்பவர் ஆண், ஓட்டலில் பரோட்டா வீசுபவர் ஆண். கூலி உண்டென்றால் ஆணுக்குப் பக்குவம் வருகிறது. கூலி இல்லாத வீட்டுச் சமையலில் மட்டும் அது எங்கே போய்விடுகிறது? அந்தப் பக்குவத்தில் தீயைக் கவனிக்கும் பங்கை இப்போது இயந்திரமே எடுத்துக்கொண்டது. இனி “எனக்குத் தெரியாது” என்பது அறியாமை ஆகாது, வழக்கம்தான். கைப்பேசியில் நூறு செயலிகளை அறிந்த விரலுக்குக் குக்கரின் பொத்தான்கள் புரியாதா என்ன?

நான் ஏன் இதை எழுதுகிறேன்?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்கள் இக்கல்லூரியில் பலர் உண்டு. எங்களுக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லை. நேரம் ஒன்றுதான் எங்கள் மூலதனம். 2011-இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கியது. 2022-இல் அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அரசு பொருளைத் தரலாம், பணத்தைத் தரலாம். நேரத்தை வீடுதான் தர வேண்டும். செமஸ்டர் வினாத்தாள் மாணவனுக்கும் மாணவிக்கும் ஒன்றே. தேர்வு நாளின் அதிகாலை மட்டும் இருவருக்கும் வேறு வேறாக இருக்கிறது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு மாணவரும் இந்த ஆண்டு முடிவதற்குள் ஒரு வேளைச் சாப்பாட்டை முழுவதுமாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். முழுவதும் என்றால் வெங்காயம் உரிப்பது முதல் பானை தேய்ப்பது வரை.

இரண்டாவது, நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமில் சமையற்கட்டு மாணவியருக்கு, மண்வெட்டி மாணவர்களுக்கு என்று பிரிக்காமல் முறை வைத்து இரண்டையும் எல்லோரும் செய்ய வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதை நினைத்தால் அடுத்த முகாமிலேயே நடக்கும்.

மூன்றாவது வேண்டுகோள் என் தோழியருக்கு. தம்பியோ அண்ணனோ முதல் நாள் சோற்றைக் குழைத்துவிட்டால், “நகரு, நானே செய்கிறேன்” என்று கரண்டியைப் பிடுங்காதீர்கள். நாமும் அப்படிக் குழைத்துத்தான் கற்றோம்.

குக்கர் வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. முடிந்தவர்கள் வாங்குங்கள், அது நல்ல கருவி. ஆனால் வாங்கிய அன்றே அது தரும் அரைமணி நேரத்தை யாருக்குக் கொடுப்பது என்றும் வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள். குக்கரின் பொத்தான் தன்னைத் தொடுவது ஆண் விரலா, பெண் விரலா என்று பார்ப்பதில்லை. நாம் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்?