நாற்பது வயது வரை காத்திருக்குமா புற்றுநோய்?

பிள்ளைச்சாவடியில் நமது பத்திரிகையை வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டு போகையில், ஒரு வீட்டு வாசலில் நம்மை நிறுத்திவிட்டார்கள். அந்த வீட்டுப் பெண்ணுக்கு வயது 36. நடவுக்கும் களைக்கும் போகிற கூலித் தொழிலாளி. பல மாதங்களாக வேளையல்லாத வேளையில் இரத்தப்போக்கு. வெட்கத்தால் வெளியே சொல்லவில்லை. சொன்ன பிறகும், நடவு முடியட்டும் என்று தள்ளிப் போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது கருப்பை வாய்ப் புற்று முற்றியிருந்தது. "முன்னாலேயே வந்திருக்கக் கூடாதா அம்மா?" என்று கேட்டார் டாக்டர். நியாயமான கேள்விதான். ஆனால் முன்னாலே வர, அந்த ஒரு நாள் கூலியை யார் கொடுத்தார்கள்?

புற்றுநோய் கிழவர்களின் வியாதி என்று இன்னமும் பேசுகிறார்கள். 1990ல் உலகில் 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் 18 லட்சம் பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டது. 2019ல் அது 32 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஜனத்தொகை பெருகியது இதற்கு ஒரு காரணம். அது ஒன்றே காரணமல்ல. கருப்பை வாய்ப் புற்று நம் நாட்டில் குறைந்து வருகிறதே என்பார்கள். உண்மை. குறைந்தும்கூட, 2022ல் ஏறக்குறைய 80 ஆயிரம் இந்தியப் பெண்களை அது கொண்டு போயிற்று!

இது மருந்தில்லாத மாயமா? தலைவிதியா? இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தைப் பாருங்கள். அம்பிளிக்கை ஆஸ்பத்திரியைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில், 2000 முதல் 2003 வரை, பயிற்சி பெற்ற நர்சுகள் கிராமத்துப் பெண்கள் 31 ஆயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். லட்ச ரூபாய் மெஷின் எதுவுமில்லை. ஊறுகாயில் ஊற்றும் வினிகரைப் போன்ற திரவத்தைக் கருப்பை வாயில் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். தோன்றியவர்களுக்கு அந்த நிலையிலேயே சிகிச்சை செய்தார்கள். பரிசோதனை நடக்காத ஊர்களைவிட இந்த ஊர்களில் அந்நோயால் வந்த சாவு 100க்கு 35 குறைந்தது. 30 முதல் 39 வயதுப் பெண்களிடையே மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது!

ஆலைத் தோழர்களும் கேளுங்கள். இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டக் கன்னத்தில் புகையிலை அடக்குகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? திருவனந்தபுரத்தில் 1996ல் தொடங்கிய சோதனையில், ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

வழி தெரிந்திருக்கிறது, செலவும் சொற்பம். அப்படியிருந்தும், 2019-21 தேசியக் குடும்பநல சர்வேயின்படி, 30 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்து கொண்டவர்கள் 100க்கு 2 பேர்கூட இல்லை!

2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், 40 வயதைத் தாண்டிய தொழிலாளிக்கு ஆண்டுதோறும் இலவசப் பரிசோதனை உண்டென்று மத்திய சர்க்கார் மார்தட்டுகிறது. அதே சர்க்காரின் சுகாதாரத் திட்டமோ வாய், மார்பகம், கருப்பை வாய் மூன்றையும் 30 வயதிலிருந்தே பார்க்க வேண்டும் என்கிறது. ஒரு கை 30 என்று எழுதுகிறது. மறு கை 40 என்று எழுதுகிறது. நடுவிலுள்ள பத்து ஆண்டு யாருடைய உயிர்? நாள்கூலிக்கு வயலில் இறங்குகிறவளுக்கு அந்த 40கூட உண்டா?

தனியார் ஆஸ்பத்திரிகள் 'மாஸ்டர் செக்கப்' என்று விளம்பரம் செய்கின்றன. காசுள்ளவர் போகட்டும். நம் உயிர் கடைச் சரக்கல்ல.

நம் மீதும் குற்றமுண்டு. சங்கக் கூட்டங்களில் போனஸ் பேசினோம், பஞ்சப்படி பேசினோம். பெண்களின் நோயைப் பேச வெட்கப்பட்டோம். இனி அந்த வெட்கம் ஒழியட்டும். இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மார்பில் வலியில்லாத கட்டி, தீட்டு நின்ற பின்னும் இரத்தம், மலத்தில் இரத்தம் - எது கண்டாலும் மறைக்காதீர்கள். எல்லாமே புற்றல்ல, ஆனால் பார்த்தால்தான் தெரியும்.

1936 ஜூலை 30ல் பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கிக்குப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் பலியானார்கள். 1937ல் 8 மணி நேர வேலை சட்டமாயிற்று. நம் நேரத்தை நாம் கேட்காமல் எவரும் தந்ததில்லை. ஆகவே இன்று கேட்கிறோம்:

30 வயதிலிருந்து எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஆண்டுக்கொரு முறை, கூலியோடு, பரிசோதனைக்கு அரை நாள் விடுப்பு கொடு!

விவசாயத் தொழிலாளருக்கு அவர்கள் ஊரிலேயே, பெண் நர்சுகளைக் கொண்டு பரிசோதனை நடத்து! இழந்த கூலியைச் சர்க்காரே கொடு!

நோய் கண்டவர்களுக்குச் சிகிச்சை முடியும் வரை பஸ் செலவும் குடும்பத்துக்குக் கஞ்சியும் உறுதி செய்!

தோழர்களே, தாய்மார்களே! புற்றுநோய் நாற்பது வயது வரை காத்திருக்காது. நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?