காலாவதித் தேதி இல்லாத பெட்டி

நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் ரவுட்டர் என்னும் பெட்டி பெரும்பாலும் சுவாமி படத்துக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டடை படிந்து வீற்றிருக்கும்; ஆயுத பூஜையன்று துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பதைத் தவிர, வாங்கிய நாள் முதல் பழுதாகும் நாள்வரை அதை எவரும் தொடுவதில்லை. மேஜை நாற்காலிக்காக நாலு கடை ஏறி இறங்குகிற முதலாளி, கணக்குகளும் கடிதங்களும் வாடிக்கைக்காரர்களின் பான் எண்களும் ஓயாமல் போய்வருகிற இந்தப் பெட்டியைப் பற்றி மட்டும், இணைப்புக் கொடுக்க வந்த பையன் மாட்டிவிட்டுப் போனதே போதும் என்று இருந்துவிடுவது எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது.

அந்த அலட்சியத்தின் பலனை என் நண்பர் ஒருவர் அனுபவித்தார். எட்டுப் பேர் வேலை செய்யும் தணிக்கை அலுவலகம் அவருடையது. ஊரடங்குக் காலத்தில் வீட்டிலிருந்தபடியே டாலி கணக்குகளைப் பார்க்கவேண்டுமென்று, ரிமோட் டெஸ்க்டாப்புக்குரிய 3389 என்ற போர்ட்டை யாரோ ரவுட்டரில் திறந்துவைத்தார்கள். ஊரடங்கு முடிந்த பிறகு அதை மூட ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. திறந்து கிடந்த அந்த வழியாக யாரோ நுழைந்ததில், ஒரு திங்கட்கிழமை காலை, கணினியில் இருந்த கோப்புகள் அத்தனையும் பூட்டிக் கிடக்க, பணம் கேட்டு எழுதிய கடிதம் ஒன்று மாத்திரம் படிக்கும்படியாக இருந்தது.

அன்று மாலையே நண்பர் லட்ச ரூபாய்க்கு ஃபயர்வால் வாங்கப் புறப்பட்டார். நான் தடுத்தேன்.

ரவுட்டர் ஒரே இணைப்பைப் பலருக்குப் பங்கிட்டுத் தருவது. உள்ளே இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் அக முகவரிகளைக் கொடுத்துவிடுவதால், வெளியிலிருந்து கேளாமல் வருவது உள்ளே நுழைய வழியில்லாமற்போவது அதில் கிடைக்கும் உபரி நன்மை. ஃபயர்வாலோ போவது வருவது அனைத்தையும் விதிப்படி விசாரித்து அனுப்புவது. உயர்ந்த ரகங்களுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டவேண்டும். கட்டாவிட்டால் புதிய வைரஸ்களை அடையாளம் காணும் சக்தி அவற்றுக்கு இராது. தவிரவும், விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகம் பரிசோதனைகளை நிறுத்திவைத்து அளந்த வேகமாகவே பெரும்பாலும் இருக்க, வாங்கியவர் எல்லாப் பரிசோதனைகளையும் இயக்கியதும் அதில் ஒரு பகுதிதான் கையில் மிஞ்சும். பத்துப் பேர் அலுவலகத்துக்கு, வெளியிலிருந்து பாதுகாப்பாக வர விபிஎன் என்னும் ரகசியப் பாதை வசதியும், விருந்தாளிகளின் கைபேசிக்கும் சிசிடிவி கேமராவுக்கும் தனித்தனி வலையும் பிரித்துக் கொடுக்கக்கூடிய நடுத்தர ரவுட்டர் ஒன்றே போதும் என்பது என் அபிப்பிராயம். பழைய கணினியில் ஓபிஎன்சென்ஸ் போன்ற இலவச மென்பொருளை நிறுவியும் நல்ல ஃபயர்வால் செய்துகொள்ளலாம்; ஆனால் அதை அறிந்த ஒருவர் கூப்பிட்டால் வரும் தூரத்தில் இருக்கவேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், எதை வாங்கினாலும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்தப் பெட்டிக்குத் தயாரிப்பாளர் எத்தனை ஆண்டு அப்டேட் தருவார்? 2016-இல் மிராய் என்ற நிரல், ஆலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் தன் ஏவலாளாக்கிக்கொண்டது. 2018-இல் விபிஎன்ஃபில்டர் என்ற இன்னொரு நிரல், ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஐந்து லட்சம் கருவிகளுக்குள் குடியேறியிருந்தது வெளிப்பட்டது; அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட வீட்டு ரவுட்டர்களும் சிறு அலுவலக ரவுட்டர்களுமே. தவறு கண்டுபிடிக்கப்பட்டதும் திருத்தம் அனுப்பத் தயாரிப்பாளர் இருந்தால் பிழைக்கலாம். கைவிட்டுவிட்ட மாடலாயிருந்தால், பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்க, அதன் காவல் மட்டும் என்றோ முடிந்துபோயிருக்கும்.

மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி பார்த்து வாங்கப் பழகிய நமக்கு, இந்தப் பெட்டியில் பார்ப்பதற்கு அப்படி ஒரு தேதி இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் இருக்கும் சட்டப்படி, இணையத்தோடு சேரும் வீட்டு உபயோகக் கருவிகளைத் தயாரிப்பவர், எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தருவார் என்பதைப் பகிரங்கமாக அறிவித்தாகவேண்டும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்து விற்பதும் அங்கே சட்டவிரோதம். நம் நாட்டிலோ, தாக்குதல் நேர்ந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாள் வைத்திருக்கவேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. மின்சாரம் போனதும் பதிவுகளை மறந்துவிடும் மலிவு ரவுட்டரை வைத்திருப்பவர் இதற்கு என்ன செய்வார் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு. வாங்கியவன்மேல் கடமையைச் சுமத்துகிற அரசாங்கம், விற்பவன்மேலும் கொஞ்சம் சுமத்தினால் என்ன? விலையையும் தயாரித்த மாதத்தையும் இறக்குமதியாளர் முகவரியையும் பெட்டியில் அச்சிடவேண்டும் என்று ஏற்கெனவே விதி இருக்கிறது. அப்டேட் முடியும் ஆண்டையும் அதற்குக் கீழே ஒரு வரி சேர்த்து அச்சிடச் செய்வது பெரிய பாரமாகாது.

அந்த வரி வரும்வரை, சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ ரவுட்டரைக் கையில் எடுக்கும்போது, இதற்கு எந்த ஆண்டுவரை அப்டேட் வரும் என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் ஆண்டைப் பில்லிலேயே எழுதித் தரச்சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.