கையில் ஒயின் பாட்டிலோடு நான்



மயாமியில் கப்பல் ஏறிய படத்தைப் பார்த்துவிட்டு, "சார், நீங்களுமா?" என்று கேட்கிறீர்கள். மகனும் மருமகளும் திருமண நாளுக்கு வாங்கியது அது. மகன் கையில் பேரன், அதனால் பாட்டில் என் கையில்.

பெரியவர்களுக்குத் தலைக்கு 750 மில்லி ஒயின், ஏறும் நாளில், கைப்பையில் மட்டும். அந்தக் கப்பலின் விதி அது. விமானத்தில் நேர் எதிர். பல விமான நிலையங்களில் 100 மில்லிக்கு மேல் கொள்ளும் பாட்டிலில் திரவம் கைப்பையில் கூடாது!

சாப்பாட்டுக் கூடத்தில் நம் பாட்டிலைத் திறந்தால் 'கார்க்கேஜ்' என்று தனிக்கட்டணம். கொள்ளை என்றான் மகன். எனக்கு அப்படிப் படவில்லை. நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் வெளிச் சமையல்காரரைக் கூட்டி வந்தால் பணம் கேட்பதில்லையா?

என்னை உறுத்தியது வேறு. பாட்டில் தண்ணீருக்கும் தடை. மாத்திரை போட வைத்திருந்த தண்ணீரை என் மனைவி வாசலிலேயே விட்டுவர வேண்டியதாயிற்று. தண்ணீர் பாட்டிலிலும் வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலிலும் மது நிரப்பிக் கடத்துகிறவர்கள் செய்த வேலை. மகனின் நண்பர் ஒருவர் இவனுக்கும் அதே யோசனைதான் சொல்லியிருந்தார். பிட் அடித்தவன் ஒருவன், பை சோதனை வகுப்புக்கே. நினைவிருக்கிறதா, பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு?

கடைசியில் அறையிலேயே திறந்தார்கள், அங்கே கட்டணமில்லை. என் எதிரில் மகன் குடித்தது அதுவே முதல் தடவை. எனக்கு ஆப்பிள் ஜூஸ்.