காம் பொய் சொல்லவில்லை



ராஜாராம் தங்கியிருந்த நமது செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு 1690 முதல் 1698 வரை ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த மதில்களின் நிழலில் வாழ்கிற நாமோ, அயலானுடைய வீட்டுச் சுவரை ஒரு நொடியில் விரலால் இடித்துவிடுகிறோம். ஒருவருடைய தகாத உறவைக் காட்டும் உரையாடல் படங்கள் நம் கைபேசிக்கு வருகின்றன. "ஜெபக்குறிப்பு" என்று தலைப்பிட்டு அடுத்தவருக்கு அனுப்புகிறோம். எனக்கும் அப்படி ஒன்று வந்தது. நான் அதை அனுப்பவில்லை. ஆனால் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். ஆகையால் என்னையும் சேர்த்தே எழுதுகிறேன்.

விபசாரம் பாவமே. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கி, அது தண்டனைக்குரிய குற்றமன்று என்றது. விவாகரத்துக்குக் காரணமாகலாம் என்பதை நிலைநிறுத்தியது. தேவனுடைய கற்பனை மாறவில்லை. ஆயினும் நீதிமன்றம் கீழே வைத்த சாட்டையை எடுத்துக்கொள்ளும்படி தேவன் நம்மிடம் சொல்லவுமில்லை.

அந்தச் சாட்டை என்ன செய்யும் என்பதை உலகம் ஒருமுறை கண்டது. திருமணமானவர்கள் இரகசிய உறவு தேடுவதற்கென்றே கனடாவிலிருந்து நடத்தப்பட்ட ஆஷ்லி மேடிசன் என்னும் இணையதளத்தின் விவரங்களை, 2015 ஆகஸ்டில் ஊடுருவிகள் வெளியிட்டனர். ஏறக்குறைய 3.6 கோடிக் கணக்குகள்! மின்னஞ்சல் முகவரி உண்மையில் பதிவு செய்தவருடையதுதானா என்று அத்தளம் உறுதி செய்யவில்லை. எனவே ஒருவர் பெயரை வேறொருவர் பதிந்திருக்கவும் கூடும். ஊரார் அதை ஆராயவில்லை. பணம் கேட்டு மிரட்டும் கடிதங்கள் வீடுகளுக்கு வந்தன. அமெரிக்காவில் இறையியல் கற்பித்த ஒரு போதகர், பட்டியலில் தம் பெயர் இருந்த வெட்கத்தாலும் நெடுநாள் மனச்சோர்வினாலும் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மற்றவர்களுக்குக் கிருபையைப் பகிர்ந்தவர் தமக்கு அதைக் கொடுக்க இயலாமற்போனாரே என்று அவருடைய மனைவி துக்கித்தார். கணவரை மன்னிக்கும் தருணம் அந்த மனைவிக்குக் கிடைக்கவில்லை. பட்டியலை வெளியிட்டவர்கள் எந்தக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள்?

"தாவீது இரகசியமாய்ச் செய்ததைத் தேவன் இஸ்ரவேலர் எல்லாருக்கும் முன்பாக வெளிப்படுத்துவேன் என்றாரே" எனச் சிலர் கேட்பர். ஆம், தேவன் சொன்னார். அது அவருடைய அதிகாரம். நாத்தான் தீர்க்கதரிசியோ தெருவுக்குப் போகவில்லை, தாவீதினிடத்திற்கே போனான். சகோதரன் குற்றஞ்செய்தால் முதலில் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்தும்படி இயேசுவும் கற்பித்தார்.

"நான் உண்மையைத்தானே பகிர்ந்தேன்" என்பது அடுத்த வாதம். நோவாவின் கூடாரத்தை நினையுங்கள். நோவா வெறித்து வஸ்திரம் விலகிக் கிடந்தது உண்மை. காம் பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் வெளியே இருந்த சகோதரருக்கு அறிவித்தான். சேமும் யாப்பேத்தும் பின்னிட்டு நடந்து, பாராமல் மூடினார்கள். அவர்கள் குடிவெறியை நியாயப்படுத்தவில்லை, தகப்பனைக் காத்தார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன். வன்முறையையும் பிள்ளைகளுக்கு எதிரான கொடுமையையும் மூடுவது அன்பன்று. அவை காவல்துறைக்குப் போகவேண்டும். துரோகத்தால் காயப்பட்ட மனைவியையோ கணவரையோ மௌனமாயிருக்கும்படியும் சொல்லேன். அவர்கள் நியாயம் கேட்கட்டும்; சபை அவர்கள் பக்கம் நிற்கட்டும். ஆனால் அந்தப் படத்தை நீங்கள் பரப்பும்போது, முதலில் அடிபடுவது அவர்களும் நாளை பள்ளிக்குச் செல்லவேண்டிய அவர்களுடைய பிள்ளைகளுமே.

ஆகையால் இவ்வாரம் அப்படி ஒன்று வந்தால், திறவாமல் அழித்துவிடுங்கள். அனுப்பியவரையும் அன்பாய்க் கண்டியுங்கள். உங்கள் இரகசியமே வெளியாகிவிட்டதென்றால், சாவைத் தேடாதிருங்கள். எந்த நேரத்திலும் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். 104 என்னும் உதவி எண்ணையும் அழையுங்கள். நம்மை முழுவதும் அறிந்திருந்தும் நம்மை மூடுகிற தேவன் நமக்கு இருக்கிறார். அவருடைய கிருபை உங்களனைவரோடும் இருப்பதாக. ஆமென்.