கைநாட்டு யாருடையது?

மருத்துவ அறம் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் ஒரு சொல்லில் வந்து நிற்கின்றன: ஒப்புதல். விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்கிய பிறகே நோயாளியின் உடம்பில் கை வைக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் கேட்கிறவர் யார், கேட்கப்படுகிறவர் யார், இருவரும் எந்தெந்த இடத்தில் நின்று பேசுகிறார்கள் என்பதை அந்தப் புத்தகங்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. அதைக் கேள்வியாக்கியவர்கள் பெண்ணியவாதிகள். ஒடுக்குமுறையைக் கணக்கில் எடுக்காத மருத்துவ அறம் யாருக்கான அறம் என்று கனடாவின் சூசன் ஷெர்வின் 1992இல் கேட்டார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கருப்பை மீது அடிமைக்காலம் தொட்டுச் செலுத்தப்பட்ட அதிகாரத்தை டோரதி ராபர்ட்ஸ் 1997இல் நூலாக்கினார். பெண் மருத்துவத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட மரியன் சிம்ஸ், 1840களில் மயக்கமருந்து இல்லாமல் அறுத்துப் பழகியது அடிமைப் பெண்களின் உடம்பில். நியூயார்க்கில் அவருக்கு வைத்த சிலையை அகற்ற 2018 வரை ஆயிற்று.

தோழர்களே, இது அமெரிக்கக் கதை மட்டுமல்ல. 1985இல் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் நெட்-என் கருத்தடை ஊசியைச் சோதிக்க முகாம் போட்டார்கள். அது சோதனை என்று பெண்களுக்குச் சொல்லவில்லை. ஸ்திரீ சக்தி சங்கட்டனா உச்ச நீதிமன்றம் போனது. 2009இல் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பெற்றோர் இடத்தில் விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது. 2014 நவம்பரில் பிலாஸ்பூர் அருகே ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

நம்ம திண்டுக்கல்லுக்கு வருவோம். அங்கே 2000இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் கிராமத்துப் பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். 49,311 பேர் இருந்த பிரிவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சோதனை. 30,958 பேர் இருந்த பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சோதனை கிடைத்த பிரிவில் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியானது. இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை கிடைக்கிறது. அந்த அறிவின் பயனை மறுக்கவில்லை. ஆனால் பாப் ஸ்மியர் சோதனை 1940களிலிருந்தே உலகம் அறிந்தது. இப்படிப்பட்ட ஆய்வுகளைக் காக்க வந்த வாதம் இதுதான்: 'இந்தப் பெண்களுக்கு வழக்கமாக எதுவும் கிடைப்பதில்லை, ஆகவே எதையும் இழக்கவில்லை.' ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்ததே பிறகு ஒன்றும் கொடுக்காமலிருக்க நியாயமாகிறது. இந்தத் தர்க்கம் நமக்குப் புதுசா? கிணற்றிலும் கோயிலிலும் கேட்டதுதானே.

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களில் பதிமூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள் என்பது 2019இல் வெளிப்பட்டது. மாதவிடாய் வந்தால் வேலை போகும், கூலி போகும், அபராதம் விழும். அவர்களும் 'சம்மதித்தவர்கள்'தான். இங்கேயும் அப்படி நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. நம் சேரியில் கரும்பு வெட்டுகிற பெண்களிடம் யாராவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா என்பதே கேள்வி.

வங்கியில் வேலை பார்ப்பவனுக்குக் கைநாட்டு எப்படி வாங்கப்படுகிறது என்று தெரியும். 'இங்க வையும்மா' என்றால் அம்மா வைப்பாள். அதைச் சம்மதம் என்று ஏடு சொல்லும். ஷெர்வினும் ராபர்ட்ஸும் பாலினத்தையும் நிறத்தையும் வைத்து இந்த ஏட்டைப் பிரித்துப் படித்தார்கள். சாதியை வைத்துப் படிக்க வேண்டியவர்கள் நாம். வழி இல்லாமல் இல்லை. செங்கல்பட்டுப் பக்கம் 1981இல் தலித் பெண்கள் தொடங்கிய ருவ்செக் அமைப்பு, கிராமத்துப் பெண்களே தங்கள் உடம்பைப் பற்றிப் பேசவும் பதிவு செய்யவும் முடியும் என்று காட்டியிருக்கிறது.

மாணவத் தோழர்களே, திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் படிக்கிறீர்கள். உங்கள் அம்மாவோ அக்காவோ ஆபரேஷனுக்குப் போனால் படிவத்தைக் கையில் வாங்குங்கள். அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். என்ன எடுக்கிறார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும், வேறு வைத்தியம் உண்டா என்று அவர்களே கேட்கட்டும், பதில் வரும்வரை மை தொடாமல். அவர்கள் சொல்வதை அவர்கள் மொழியிலேயே எழுதி அனுப்புங்கள். நம் மருத்துவ அறத்தின் முதல் புத்தகம் அப்படித்தான் உருவாகும்.