முதலில் தட்டுங்கள்

கோல் ஒஃப் டியூட்டி விளையாடுற எல்லாருக்கும் அந்தக் காட்சி தெரியும். கதவின் இரண்டு பக்கமும் ஆட்கள் சுவரோடு ஒட்டி நிற்பார்கள். கதவு தெறிக்கும். சில நொடியில் அறை அவர்கள் கையில். விளையாட்டில் கதவுக்கு அங்கால இருக்கிறவன் பெரும்பாலும் எதிரிதான். எங்களுக்கு உறுத்துறது அதுதான்.

இது எங்கட ஊருக்குத் தூரத்துக் கதை இல்லை. 1993இல் தொடங்கிய கடற்படையின் விசேட படகுப் படையணிக்குத் திருகோணமலைதான் தளம். கப்பலில் பாய்ந்து ஏறி, பூட்டிய அறைகளுக்குள் நுழைவது அப்படியான படைகளின் தொழில். அந்தத் தொழிலே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் சோமாலியக் கொள்ளையர் 'லொரென்சோ புத்தா 4' படகைப் பிடித்தபோது, அதிலிருந்த ஆறு இலங்கை மீனவர்களையும் மீட்டது சீசெல்ஸ் படையினர். பணயக்கைதி உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டி அனுமதி கேட்க ஏலாது.

வீட்டுக் கதவு வேற. 1604இல் இங்கிலாந்தில் தீர்ப்பான செமெய்ன் வழக்கிலிருந்து வரும் விதி ஒன்று இருக்கு: யார் வந்திருக்கிறோம், ஏன் வந்திருக்கிறோம் என்று அறிவிக்க வேணும், திறக்கச் சொல்லிக் கேட்க வேணும், திறக்காவிட்டால்தான் உடைக்கலாம். எங்கட 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையும் கைது செய்யப் போகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லுது. அதே ஆண்டுதான் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமும் வந்தது. வேறு எந்தச் சட்டம் என்ன சொன்னாலும், பிடியாணை இல்லாமலே எந்த இடத்துக்குள்ளும் நுழைந்து தேடலாம் என்றது அது. ஒரே நாடாளுமன்றம், ஒரே வருசம். ஒரு சட்டம் தட்டச் சொன்னது, மற்றது தட்டத் தேவையில்லை என்றது. எங்கட அம்மா அப்பா வளர்ந்தது இரண்டாவதுக்குக் கீழ.

இந்த மாவட்டத்துக்குக் குமாரபுரம் தெரியும். 1996 பெப்ரவரி 11ஆம் திகதி, கிளிவெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் கிராமத்துக்குள் படையினர் புகுந்து, பிள்ளைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றார்கள். வீட்டுக்குள் ஒளித்தவர்களும் தப்பவில்லை. 2016 ஜூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேரையும் அநுராதபுர மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. அங்கே கதவை உடைக்கத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. கேள்வி கேட்க ஒருவரும் இல்லை என்ற தைரியமே போதுமாக இருந்தது.

நல்ல பயிற்சி இருந்தால் இப்படி நடக்காது என்று சிலர் சொல்லுவினம். 2020 மார்ச்சில் அமெரிக்காவின் லூயிவில் நகரப் பொலிசார் நள்ளிரவுக்குப் பிறகு பிரியோனா டெய்லரின் வீட்டுக் கதவை இடித்துத் திறந்தார்கள். திருடர் என்று நினைத்த அவருடைய காதலன் சுட்டார். பொலிசார் திருப்பிச் சுட்டதில் பிரியோனா இறந்தார், வயது 26. அவர்களிடம் பயிற்சியும் இருந்தது, நீதிமன்ற ஆணையும் இருந்தது. சில மாதங்களில் அந்த நகரம் தட்டாமல் நுழையும் ஆணைகளையே தடைசெய்தது.

இங்கே பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக 2018இல் ஒரு சட்டமூலம் வந்தது, 2023இல் இன்னொன்று வந்தது. இரண்டும் நிறைவேறவில்லை. விவாதமெல்லாம் எத்தனை நாள் தடுத்து வைக்கலாம் என்பதைச் சுற்றியே போகுது. அது முக்கியம்தான். ஆனால் தடுப்புக்காவல் தொடங்குவது வாசலில். அடுத்த வரைபு வரும்போது நுழையும் அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கு, வருபவர் பெயரும் பதவியும் சொல்லக் கட்டாயம் இருக்கா, சொல்லாவிட்டால் அவருக்கு என்ன தண்டனை என்று தேடி வாசியுங்கோ.